டெர்மினலில் வெள்ளி விலை வருகிறது, இணையப் பக்கத்தில் வரவில்லை: பிஎச்பி ஸ்கிரிப்ட் வெளி முகவரியைத் திறக்க மறுக்கிறது

கொலுசுப்பட்டறை · திங்கள், காலை 11.20

வணக்கங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். நான் கணினி படித்தவன் இல்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு பட்டறைக்கு ஒரு இணையதளம் செய்தேன். அதில் மாடல் படங்கள், டச் (வெள்ளியின் தூய்மை), கூலி, அன்றைய வெள்ளி விலை எல்லாம் இருக்கும். விலையை மட்டும் வெளியில் இருக்கும் ஒரு விலைச் சேவையிலிருந்து பிஎச்பி ஸ்கிரிப்ட் எடுத்து வரும். ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் என்ற ஒரே வரிதான். பழைய பகிர்வு ஹோஸ்டிங்கில் மூன்று வருடம் ஒரு நாள்கூடத் தகராறு செய்ததில்லை.

படங்கள் கூடிவிட்டதால் போன செவ்வாய் தனி விபிஎஸ் (எனக்கென்று வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) ஒன்றுக்கு மாறினேன். இயங்குதளம் அல்மாலினக்ஸ் 9, இணைய சர்வர் என்ஜின்எக்ஸ், பிஎச்பி 8.2, பக்கங்களுக்காக அதை ஓட்டும் எஃப்பிஎம் சேவை. தளம் நன்றாகத் திறக்கிறது, வேகமாகவும் இருக்கிறது. விலை மட்டும் செவ்வாய்க்கிழமையோடு நின்றுவிட்டது. விலை வராவிட்டால் கடைசியாகச் சேமித்த விலையைக் காட்டும்படி நானே எழுதி வைத்திருந்தேன். அதனால் பக்கத்தைப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

சனிக்கிழமை ஈரோட்டுக் கடைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்த விலையைப் பார்த்து 4 கிலோ கொலுசுக்கு ஆர்டர் சொன்னார். அதற்குள் வெள்ளி ஏறிவிட்டது. அப்பா, நம் பக்கத்தில் போட்ட விலை நாம் சொன்ன விலைதான் என்று அதே விலைக்கு ஒத்துக்கொண்டார். நஷ்டம் எங்களுக்கு. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

விந்தை என்னவென்றால், அதே ஸ்கிரிப்டை சர்வரில் நுழைந்து டெர்மினலில் ஓட்டினால் இன்றைய விலை உடனே வருகிறது. பிரவுசரில் திறந்தால் வருவதில்லை. ஹோஸ்டிங்காரர்களைக் கேட்டால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் கோட்தான் தவறு" என்கிறார்கள். எங்கே பார்ப்பது?

அஸ்தம்பட்டி · திங்கள், காலை 11.45

பிஎச்பி வெளி முகவரியைத் திறக்க அனுமதிக்கும் அலவ்_யூஆர்எல்_எஃப்ஓப்பன் அமைப்பு அணைந்திருக்கும் நண்பரே. ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஐஎன்ஐ_செட் போட்டு ஆன் செய்துவிடுங்கள், முடிந்தது.

ஐந்துரோடு · திங்கள், மதியம் 12.30

அஸ்தம்பட்டி தம்பி சொன்ன இடம் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அந்த அமைப்பை ஸ்கிரிப்டுக்குள் ஐஎன்ஐ_செட் போட்டு மாற்ற முடியாது. அது சர்வர் மட்டத்து அமைப்பு. பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில்தான் மாற்ற வேண்டும், மாற்றியபின் எஃப்பிஎம் சேவையை மறுபடி தொடங்க வேண்டும். அதன் இயல்பு நிலையே ஆன். சில பகிர்வு ஹோஸ்டிங்குகள்தான் பாதுகாப்புக்காக அணைத்து வைப்பார்கள்.

இன்னொன்று. உபுண்டு, டெபியன் சர்வர்களில் டெர்மினலுக்கு ஒரு பிஎச்பி.ஐஎன்ஐ, எஃப்பிஎம்முக்கு ஒரு பிஎச்பி.ஐஎன்ஐ எனத் தனித்தனியாக இருக்கும். ஒன்றில் மாற்றிவிட்டு மற்றதில் வரவில்லையே என்று முழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அல்மாலினக்ஸில் இரண்டும் ஒரே கோப்பைத்தான் படிக்கும். டெர்மினலில் உங்களுக்கு விலை வருகிறது என்றால் இந்தக் காரணம் அநேகமாக இல்லை.

கொலுசுப்பட்டறை தம்பி, ஒரு கேள்வி. அந்த வரிக்கு முன்னால் @ குறி போட்டிருக்கிறீர்களா?

கொலுசுப்பட்டறை · திங்கள், மதியம் 12.41

ஆமாங்க அண்ணா. எச்சரிக்கை வரிகள் பக்கத்தில் வந்து அசிங்கமாகத் தெரிந்ததால் போட்டேன்.

ஐந்துரோடு · திங்கள், மதியம் 12.55

முதல் வேலையாக அதை எடுங்கள். சர்வர் காரணத்தை ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும், அந்தக் குறி அதன் வாயைப் பொத்திவிட்டது. பக்கத்தில் தெரியக்கூடாது என்றால் டிஸ்ப்ளே_எரர்ஸ் அணைத்து, லாக்_எரர்ஸ் போடுங்கள். வாடிக்கையாளர் கண்ணில் படாது, பதிவேட்டில் எழுதப்படும். பிறகு பக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டு, பதிவேட்டின் கடைசி வரியை இங்கே ஒட்டுங்கள். விலைச் சேவையின் சாவி எண் அதில் இருந்தால் மறைத்துவிட்டு ஒட்டுங்கள்.

சேர்வராயன்மலை · திங்கள், மதியம் 2.10

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் கிட்டத்தட்ட இதே தொல்லை. ஏற்காட்டில் எங்களுக்குச் சின்ன காபித் தோட்டம். பறித்த காபியைக் களத்தில் காய வைத்திருக்கும்போது மழை வருமா என்று தெரிந்தால் முன்கூட்டியே தார்ப்பாய் போடலாம். ஒருமுறை நனைந்தால் அந்தத் தொகுதியின் தரமே போய்விடும். அதற்காக வானிலைச் சேவையிலிருந்து முன்னறிவிப்பை எடுக்கும் பக்கம் ஒன்று வைத்திருக்கிறேன், களத்து ஆட்கள் போனில் பார்ப்பார்கள். ஒரு மாதமாகப் பக்கம் ஒரு நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு வெறுமையாக வருகிறது. மலையில் நெட் சரியில்லாததால் இருக்குமோ என்று விட்டுவிட்டேன். அதுதான் காரணமாங்க?

ஐந்துரோடு · திங்கள், மதியம் 2.25

மலையில் நெட் இல்லாவிட்டால் உங்கள் பக்கமே திறக்காது சகோதரி. பக்கம் திறக்கிறது, வானிலை மட்டும் வரவில்லை என்றால், குறை உங்கள் சர்வருக்கும் வானிலைச் சேவைக்கும் இடையில் இருக்கிறது. சர்வர் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் இணைப்புதான் கணக்கு. அது உபுண்டுவா? சர்வரில் நுழைந்து கர்ல் கட்டளையால் அதே முகவரியைக் கூப்பிட்டால் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். "சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்பதும் "உடனே மறுக்கிறது" என்பதும் வேறு வேறு நோய்கள்.

கொலுசுப்பட்டறை · திங்கள், மாலை 4.05

@ குறியை எடுத்தேன். பதிவேட்டில் வந்தது இதுதான்: "ஃபெய்ல்டு டு ஓப்பன் ஸ்ட்ரீம்: பர்மிஷன் டினைட்."

அனுமதி இல்லை என்று சொல்வதால் தளத்தின் கோப்புறை முழுவதற்கும் 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம் என்ற அனுமதி) கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் அதே வரி.

சூரமங்கலம் · திங்கள், மாலை 4.20

கோப்புகளின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். எஃப்பிஎம் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பெயருக்கு மாற்ற வேண்டும்.

ஐந்துரோடு · திங்கள், மாலை 5.10

777 வேண்டாம், இப்போதே திரும்ப எடுத்துவிடுங்கள். கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 போதும். இங்கே திறக்க முயல்வது நம் வட்டில் உள்ள கோப்பை இல்லை, வெளியூர் முகவரியை. அதற்கு 777 எந்த வகையிலும் உதவாது. சர்வரில் நுழைந்தவன் எவனும் எதையும் எழுதலாம் என்று வாசலைத் திறந்து வைத்ததுதான் மிச்சம்.

ஆனால் அந்த வரி அருமையான துப்பு. பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் "கெட்அட்ரின்ஃபோ ஃபெய்ல்டு" என்று வரும். ஃபயர்வால் பாக்கெட்டை (நாம் அனுப்பும் தரவுத் துண்டை) விழுங்கினால் நேரம் முடிந்தது என்று வரும். எதிர்ப்பக்கம் கதவை மூடினால் "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு". இங்கே வந்திருப்பது "பர்மிஷன் டினைட்", அதுவும் கணத்தில் வந்திருக்கிறது. பாக்கெட் சர்வரை விட்டு வெளியே போகவே இல்லை. உள்ளேயே யாரோ தடுத்திருக்கிறார்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ள, ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸுக்குப் பதில் பிஎச்பியின் கர்ல் வழியாக ஒருமுறை கூப்பிட்டு, கர்ல்_எர்ர்நோ தரும் எண்ணைப் பதிவேட்டில் எழுத வையுங்கள். 6 என்றால் பெயர் கிடைக்கவில்லை. 7 என்றால் இணைய முடியவில்லை. 28 என்றால் நேரம் முடிந்தது. 60 என்றால் எதிர் சர்வரின் அடையாளச் சான்றிதழைச் சரிபார்ப்பதில் தோல்வி. இந்த நான்கையும் தெரிந்து வைத்திருந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும்.

கொலுசுப்பட்டறை · திங்கள், மாலை 5.32

777 எடுத்துவிட்டேன். எண் 7 வருகிறது. அந்த எண்ணுக்கு அருகே மறுபடியும் "பர்மிஷன் டினைட்".

ஐந்துரோடு · திங்கள், இரவு 8.40

நினைத்தது சரி. இது எஸ்இலினக்ஸ். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ளாமல் கட்டளையை மட்டும் ஒட்டினால் அடுத்த சிக்கலில் மறுபடி நிற்பீர்கள்.

சாதாரண லினக்ஸ் அனுமதி "நீ யார்" என்று கேட்கும். எஸ்இலினக்ஸ் "நீ என்ன வேலைக்கு வந்தவன்" என்றும் கேட்கும். உங்கள் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். மெருகு போடுபவர் நம்பிக்கையான ஆள்தான், அதற்காக வெள்ளிக்கட்டி இருக்கும் பெட்டியின் சாவி அவரிடம் இருக்காது. அவர் வேலைக்கு அது தேவையில்லை. அதுபோல இணைய சர்வரும் எஃப்பிஎம்மும் எச்டிடிபிடி_டி என்ற அடையாளத்தோடு ஓடும். அந்த அடையாளத்தின் வேலை, வருகிறவர்களுக்குப் பக்கம் கொடுப்பது. தானாக வெளியே போய் இன்னொரு சர்வரைத் தொடுவது அதன் வேலைப் பட்டியலில் இல்லை. எந்த ஓட்டை வழியாகவோ ஒருவன் உங்கள் தளத்தில் நுழைந்துவிட்டாலும், அங்கிருந்து அடுத்த சர்வரைத் தாக்க முடியாமல் நிறுத்துவதற்கான ஏற்பாடு அது. ரெட்ஹாட் வழிவந்த அல்மாலினக்ஸ், ராக்கி போன்றவற்றில் இது முதலிலிருந்தே அமலில் இருக்கும். உங்கள் பழைய ஹோஸ்டிங்கில் இந்தக் கட்டுப்பாடு இருந்திருக்காது.

டெர்மினலில் ஏன் வேலை செய்தது? நீங்கள் நுழைந்து ஓட்டும்போது அந்த பிஎச்பி உங்கள் அடையாளத்தில் ஓடுகிறது, அதற்குக் கட்டுப்பாடு இல்லை. அதே கோப்பு, அதே வரி, ஓட்டுகிறவர் வேறு. அதனால் டெர்மினலில் செய்யும் சோதனையை மட்டும் நம்பி "சர்வர் சரியாக இருக்கிறது" என்று முடிவு கட்டக்கூடாது. உங்கள் ஹோஸ்டிங்காரர்கள் அநேகமாக அதைத்தான் செய்திருப்பார்கள்.

கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். முதலில் சாட்சி, தடுப்புகள் எழுதப்படும் ஆடிட் பதிவேட்டில் தேடுவது: "ஏயூசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட்". அதில் பிஎச்பி-எஃப்பிஎம் பெயரும், நேம்_கனெக்ட் என்ற சொல்லும், 443 என்ற போர்ட் எண்ணும் இருந்தால் சந்தேகமே இல்லை. அப்புறம் "கெட்செபூல் எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்" என்று கேளுங்கள், ஆஃப் என்று சொல்லும். "செட்செபூல் -பி எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் ஆன்" கொடுங்கள். அந்த பி பெரிய எழுத்து, அது இல்லாவிட்டால் சர்வர் மறுபடி தொடங்கும்போது மாற்றம் போய்விடும். சில விநாடிகள் எடுக்கும், பதறி நிறுத்திவிட வேண்டாம்.

அஸ்தம்பட்டி · திங்கள், இரவு 8.58

இவ்வளவு எதற்கு அண்ணா? செட்என்ஃபோர்ஸ் 0 என்று ஒரு வரி, எஸ்இலினக்ஸ் தொல்லையே இல்லை. நான் வைக்கும் எல்லா சர்வரிலும் முதல் வேலையே அதுதான்.

குகை · திங்கள், இரவு 9.15

தம்பி, அதோடு நான் உடன்படவில்லை. ஒரு நிமிடம் அணைத்து, பக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டு உடனே திரும்பப் போடுவது நல்ல சோதனை. அப்படியே விட்டுவிடுவது வேறு. ஒரு கதவு திறக்கவில்லை என்பதற்காக வீட்டுச் சுவரை இடிக்க மாட்டோம் அல்லவா? நான் பார்த்துக்கொள்ளும் ஒரு தளத்தில் பழைய பிளகின் வழியாக ஒருவன் கோப்பு ஒன்றைப் பதித்துவிட்டான். வெளியே தொடர்புகொள்ள அது பல மணி நேரம் முயன்றதும், ஒவ்வொரு முறையும் தடுக்கப்பட்டதும் ஆடிட் பதிவேட்டில் வரிவரியாக இருந்தது. அன்று எஸ்இலினக்ஸ் இல்லாவிட்டால் எங்களுக்குத் தெரியாமலே எங்கள் சர்வர் ஊரைத் தாக்கிக்கொண்டிருந்திருக்கும்.

கொலுசுப்பட்டறைக்கு ஒன்று. ஐந்துரோடு அண்ணா சொன்ன சுவிட்ச் எல்லா டிசிபி போர்ட்டுகளுக்கும் வழி விடும். டேட்டாபேஸ் வேறு சர்வரில் இருப்பவர்களுக்கு மட்டும் எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி எனத் தனி சுவிட்ச் உண்டு. தேவையானதை மட்டும் திறங்கள். பக்கத்துக்கு வருபவர் தட்டும் முகவரி எதையும் உங்கள் ஸ்கிரிப்ட் போய் எடுக்கக்கூடாது. விலைச் சேவையின் முகவரி கோட்டில் எழுதியபடி நிலையாக இருக்கட்டும்.

அஸ்தம்பட்டி · திங்கள், இரவு 9.31

சரிங்க அக்கா. ஆடிட் பதிவேட்டை நான் இதுவரை திறந்து பார்த்ததே இல்லை. இன்று பார்க்கிறேன்.

கொலுசுப்பட்டறை · திங்கள், இரவு 9.50

வந்துவிட்டது! ஏயூசர்ச் கொடுத்ததும் செவ்வாய்க்கிழமைக்குப் பின் வந்த ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒரு வரி வீதம் தடுப்புகள் குவிந்திருக்குமோ என்று தேதி மாற்றித் தேடினேன், அப்படியேதான் இருந்தன. செட்செபூல் கொடுத்தேன், பக்கத்தைப் புதுப்பித்தேன், இன்றைய விலை. அண்ணாவுக்கும் அக்காவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லைங்க.

சேர்வராயன்மலை · செவ்வாய், காலை 7.15

அவருக்குச் சரியானதில் எனக்கும் மகிழ்ச்சி. என்னுடையதைச் சொல்கிறேன். உபுண்டுதான். டெர்மினலில் கர்ல் ஒரு விநாடிக்குள் பதில் தருகிறது. பிஎச்பி ஸ்கிரிப்டை அதே டெர்மினலில் ஓட்டினாலும் 60 விநாடி நின்று "கனெக்ஷன் டைம்ட் அவுட்" என்கிறது. ஆக, ஓட்டுகிறவர் யார் என்பது என் விஷயத்தில் காரணம் இல்லை.

ஐந்துரோடு · செவ்வாய், காலை 9.05

அழகாகப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். 60 விநாடி என்பது பிஎச்பியின் டிஃபால்ட்_சாக்கெட்_டைம்அவுட் இயல்பு மதிப்பு. கர்லுக்கு உடனே வருகிறது, ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸுக்கு வரவில்லை என்றால் என் கை ஐபிவி6 பக்கம்தான் போகிறது. "கர்ல் -6" என்று கொடுத்துப் பாருங்கள், அப்புறம் "கர்ல் -4".

காரணம் இது. வானிலைச் சேவைக்குப் பழைய ஐபிவி4, புதிய ஐபிவி6 என இரண்டு வகை இணைய முகவரியும் இருக்கும். உங்கள் சர்வருக்கு ஐபிவி6 முகவரி பெயருக்குக் கொடுத்திருப்பார்கள், பாக்கெட் வழியில் காணாமல் போகும். கர்ல் கெட்டிக்காரத்தனமாக, ஐபிவி6 கொஞ்ச நேரத்தில் பதில் தராவிட்டால் காத்திருக்காமல் ஐபிவி4-ஐயும் கூடவே முயலும், எது முதலில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸ் வரிசையில் நிற்கும். முதல் முகவரியிலேயே 60 விநாடியும் தீர்ந்துவிட்டால் அடுத்ததற்குப் போகாமல் கைவிட்டுவிடும்.

சேர்வராயன்மலை · செவ்வாய், காலை 9.40

அப்படியேதான். -6 தொங்குகிறது, -4 உடனே. என்ன செய்ய வேண்டும் அண்ணா?

ஐந்துரோடு · செவ்வாய், காலை 9.52

நிலையான மருந்து, சர்வர் கொடுத்தவர்களிடம் ஐபிவி6 வழியைச் சரிசெய்யச் சொல்வது. அதுவரை, ஃபைல்_கெட்_கன்டென்ட்ஸோடு சேர்த்துக் கொடுக்கும் ஸ்ட்ரீம் கான்டெக்ஸ்ட் அமைப்பில் சாக்கெட் பகுதியில் பைண்ட்டு என்பதற்கு 0:0 கொடுங்கள், ஐபிவி4 மட்டும் பயன்படும். பிஎச்பி கர்லுக்கு மாறினால் கர்ல்ஆப்ட்_ஐபிரிசால்வ் உண்டு. எப்படி இருந்தாலும் காத்திருக்கும் நேரத்தை 5 விநாடிக்குக் குறையுங்கள். மழை மேகம் வரும்போது களத்தில் நிற்பவர் போனைப் பார்த்து ஒரு நிமிடம் காத்திருக்கக்கூடாது.

கர்லுக்கு மாறினால் யூசர் ஏஜென்ட் பெயர் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். டெர்மினல் கர்ல் தன் பெயரைத் தானே சொல்லும், பிஎச்பிக்குள் இருக்கும் கர்ல் ஒன்றும் சொல்லாது. பெயர் சொல்லாமல் வருகிறவரைச் சில சேவைகள் 403 (அனுமதி மறுப்பு) கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆத்தூர்ஜவ்வரிசி · செவ்வாய், மதியம் 1.20

இந்த இழையைப் படித்து, வெளியிலிருந்து விலை எடுக்கும் எங்கள் ஜவ்வரிசி ஆலைத் தளத்திலும் கர்ல்_எர்ர்நோ எண்ணைப் பதிவேட்டில் எழுத வைத்தேன். எங்களுக்கு 60. முன்பு வேலை பார்த்த பையன் சான்றிதழ் சரிபார்ப்பை ஓர் இடத்தில் ஃபால்ஸ் என்று போட்டிருக்கிறான், அங்கே ஓடுகிறது. போடாத இடத்தில் ஓடவில்லை. எல்லா இடத்திலும் ஃபால்ஸ் போட்டுவிடலாமா? சர்வரின் இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 7.

குகை · செவ்வாய், மதியம் 1.45

வேண்டாங்க. அந்தச் சரிபார்ப்பை அணைத்தால், நடுவில் யார் உட்கார்ந்து எந்தப் பதிலைக் கொடுத்தாலும் உங்கள் சர்வர் நம்பிவிடும். கிழங்குக்கு விவசாயியிடம் விலை பேசுவது அந்தத் தகவலை வைத்துத்தானே?

பழைய சர்வர்களில் 60 வருவதற்குப் பொதுவான காரணம், அவற்றிடம் உள்ள நம்பிக்கைச் சான்றிதழ்ப் பட்டியல் பழையதாக இருப்பது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது, அன்று இப்படிப்பட்ட சர்வர்கள் பல இடங்களில் நின்றன. சிஏ-சர்டிஃபிகேட்ஸ் தொகுப்பைப் புதுப்பித்துப் பாருங்கள், சர்வரின் தேதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். ஆனால் சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. இது சில நாட்கள் தள்ளிப்போடும் வேலைதான். புதிய சர்வருக்கு மாறும் நாளைக் குறித்துவிடுங்கள்.

ஐந்துரோடு · செவ்வாய், இரவு 9.10

கொலுசுப்பட்டறை தம்பிக்கு ஒன்று சொல்ல நினைத்துக்கொண்டே இருந்தேன். எஸ்இலினக்ஸ் உங்களுக்கு நஷ்டம் வைக்கவில்லை. விலை வராதபோது பழைய விலையை இன்றைய விலைபோலக் காட்டியதுதான் நஷ்டம் வைத்தது. விலைச் சேவை நாளைக்கு வேறு காரணத்தால் நிற்கும், நிற்காத சேவை கிடையாது. அப்போது என்ன காட்டுவீர்கள்?

ஒவ்வொரு பார்வையாளருக்கும் வெளியே போய்க் கேட்பதையும் விடுங்கள். கிரான் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டைத் தானாக ஓட்டும் வசதி) வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து ஒரு கோப்பில் எழுதுங்கள், பக்கம் அந்தக் கோப்பை மட்டும் படிக்கட்டும். எழுதும்போது தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதிவிட்டுப் பெயரை மாற்றுங்கள், பாதி எழுதியதைப் பக்கம் படித்துவிடாது. விலையோடு எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். விலை மாறியதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை சந்தை இல்லாததால் விலை மாறாது, அது பழுதில்லை. எடுத்த நேரம் பழையதாகிவிட்டால்தான் பழுது.

அப்புறம் அலகு. எம்சிஎக்ஸ் பண்டச் சந்தையில் வெள்ளி கிலோ கணக்கு, வெளிநாட்டுச் சேவைகளில் ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.1035 கிராம். நீங்கள் காட்டுவது கிராம். சேவை ஒருநாள் அலகை மாற்றிவிட்டால் ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. முந்தைய விலையிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் தானாக வெளியிடாமல் உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பச் செய்யுங்கள்.

கொலுசுப்பட்டறை · வியாழன், காலை 10.25

இரண்டு இரவு உட்கார்ந்து முடித்துவிட்டேன் அண்ணா. கிரான் எடுக்கிறது, பக்கம் கோப்பைப் படிக்கிறது. விலைக்குக் கீழே "எடுத்த நேரம்" என்று ஒரு வரி. ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையதானால் விலையே தெரியாது, "இன்றைய விலைக்குப் பட்டறைக்கு அழைக்கவும்" என்று மட்டும் வரும். சோதிக்க நேற்று மதியம் வேண்டுமென்றே முகவரியில் ஓர் எழுத்தை மாற்றி வைத்தேன். பதிவேட்டில் 6 விழுந்தது, ஒரு மணி நேரத்தில் விலை மறைந்தது, என் போனுக்கும் செய்தி வந்தது.

அப்பாவிடம் காட்டினேன். அந்த நேர வரியின் எழுத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னார், சிவதாபுரத்தில் வயதானவர்களும் போனில் பார்க்கிறார்களாம். பெரிதாக்கிவிட்டேன்.

சேர்வராயன்மலை · வியாழன், மாலை 6.40

0:0 போட்டதும் பக்கம் உடனே வருகிறது. இன்று மூன்று மணிக்கு மழை என்று காட்டியது, இரண்டரைக்கே தார்ப்பாய் போட்டுவிட்டோம். மூன்றேகாலுக்குப் பெய்தது. அந்த நேர வரியை நானும் சேர்க்கப் போகிறேன்.